கரை திரும்பிய சங்கிலிக்காரி

கடைசி ஃபாரத்தின் ப்ரூஃப் வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொல்லி, போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்: "ப்ரூஃப் வந்ததெல்லாம் ஒரு திருப்பமா?" அம்மணி, சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்கள்கூட இவ்வளவு நகம் கடிக்க மாட்டார்கள்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நம் கதாநாயகி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு சரித்திர நாவலை எழுதி முடித்திருக்கிறாள். வீட்டில் அவளை 'ரைட்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

நாவலின் பெயர் 'சங்கிலிக்காரி'. அந்தக் காலத்தில் எதிரிப் படகுகள் ஊருக்குள் வராமலிருக்க ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டிருந்தார்கள். அதைக் காவல் காத்தவன் வெளியூர் போயிருந்த ஒரு ராத்திரி, படகுகள் வருவதைப் பார்த்து அவன் மனைவியே சங்கிலியை இழுத்து இறுக்கினாள். ஊர் பிழைத்தது. 'சங்கிலியை இறுக்கியவள் கரை திரும்பவில்லை' என்று நூலகத்தில் ஒரு பழைய குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. அவள் பெயர்கூட இல்லை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நம் ரைட்டர் ஒரு தலையணை கனத்துக்கு எழுதித் தள்ளிவிட்டாள். பதிப்பகங்கள் கையை விரித்தன. சரிதான் போங்கள் என்று தானே அச்சடிக்கக் கிளம்பிவிட்டாள்.

அவள் கையெழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் டைப் அடித்தவர் அவளுடைய மாமனார். கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னதில் ஒரு கமாவைக்கூட விடமாட்டார் என்பதால் வக்கீல்கள் அவருக்கு 'கமா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ப்ரூஃபில் பிழை பார்த்துத் திருத்தியதும் அவர்தான். பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாகிற பெரிய தாளைத்தான் அச்சகத்தில் ஃபாரம் என்பார்கள். மாமனார் சரி என்று சொன்ன ஒவ்வொரு ஃபாரத்திலும் ரைட்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவையெல்லாம் அச்சில் ஓடி முடிந்துவிட்டன. பாக்கி இருப்பது கடைசி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நூலக அரங்கில் வெளியீடு.

இனி இன்றைய காலை.

"கடைசி ஃபாரத்தையும் பார்த்துட்டேன்மா. கையெழுத்துப் போட்டுக் குடு, நானே போய் அச்சகத்துல குடுத்துட்டு வந்துடறேன்" என்றார் மாமனார்.

"இல்ல மாமா. கடைசி அத்தியாயத்தை மட்டும் அச்சுல நான்தான் படிப்பேன். அப்படியே எடுத்து வெச்சிருக்கேன், ஆசையா."

"கண்ணு வலிக்கும். நேத்துகூடத் தலைவலின்னியே."

"கண் டெஸ்ட் பண்றவகிட்டயே கண்ணு வலிக்கும்னு சொல்றீங்களா?"

மாமனார் சிரிக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த காபியில் ஆடை படிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவன் தலை நிமிராமலே, "குடுத்துடேன். அப்பா பார்த்ததுல தப்பு இருக்குமா?" என்றான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா கிழக்கு என்றால் மேற்கு என்கிற ஆள். இருவரும் ஒரே பக்கம் பேசுவது அந்த வீட்டில் நடக்காத விஷயம். ரைட்டருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவளோ ப்ரூஃபைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

*

கண் பரிசோதிக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் வெளிச்சப் பெட்டிக்குள் எழுத்துகள், இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய வட்ட வட்ட லென்ஸ்கள். காலையில் முதலில் வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர்.

"முதல்ல போட்டது தெளிவா இருக்கா, இப்பப் போட்டது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. வீட்டுல தொல்லை தாங்காம வந்தேன்."

இப்படிச் சொல்கிறவர்களுக்குத்தான் பவர் எக்கச்சக்கமாக இருக்கும். அவரை அனுப்பிவிட்டு, அடுத்தவர் வருவதற்குள் ரைட்டர் விளக்கைப் போட்டு ப்ரூஃபைப் பிரித்தாள்.

தன் எழுத்தை அச்சில் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும். படகுகள் வந்தன. சங்கிலிக்காரி வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, சங்கிலியை இழுக்கிற சக்கரத்தைச் சுற்றினாள். கரையில் நின்று வேடிக்கை பார்த்த உள்ளூர்ப் படகோட்டிகளை, "போதும், நகருங்கள்" என்று விரட்டினாள். சக்கரத்தின் ஆப்பு முறிந்தது. எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தது. ரைட்டர் உதட்டில் சிரிப்போடு பக்கத்தைத் திருப்பினாள்.

'பொழுது புலர்ந்தபோது, ஆற்று முகத்து மணல்திட்டில் ஒதுங்கிக் கிடந்தவளை வலைக்காரர்கள் கண்டார்கள். மூச்சு இருந்தது. அவள் மெல்லக் கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "நேரமாகிவிட்டதா?" என்று கேட்டாள்.'

வேறு யாருடைய புத்தகமோ கலந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மறுபடி படித்தாள். அடுத்த பக்கத்தில் கணவன் ஓடி வந்து சங்கிலிக்காரியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அதற்கடுத்த பக்கத்தில் அவள் பேரன் பேத்திகளோடு நெடுநாள் வாழ்ந்தாள்.

ரைட்டர் எழுதிய நாவலில் சங்கிலிக்காரி செத்துப்போகிறாள்.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கமாவைக்கூட விடாத மனிதர் ஒரு சாவையே விட்டுவிட்டு அடித்திருக்கிறார்! விட்டது மட்டுமா, சொந்தமாக ஒரு முடிவு வேறு எழுதிச் சேர்த்திருக்கிறார். அதையும் அவள் நடையிலேயே, அவள் வாக்கியம் போலவே.

ஆனால் அந்த 'நேரமாகிவிட்டதா?' அவளை விடவில்லை. தினமும் காலையில் கண் விழித்ததும் "நேரமாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்திருந்த ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். காலமாகிவிட்ட மாமியார். வேலையில் இறங்கும் முன் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொள்வதும் அவள்தான். தான் யாரைப் பார்த்துச் சங்கிலிக்காரியை எழுதினோம் என்பது ரைட்டருக்கே அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட்டு மேல."

"மேல்மாடியிலயா?"

"இல்ல, லிஃப்ட்டோட கூரை மேல உட்கார்ந்திருக்கேன். ரோப் பார்க்கணும்."

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மறுமுனையில் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் தாமதித்து, "எது?" என்றான்.

"தெரியாதவங்க உடனே 'எது'ன்னு கேப்பாங்க. நீங்க யோசிச்சுட்டுக் கேக்கறீங்க."

"போன வாரம்தான் அப்பா சொன்னார். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிட்டார்."

"நான் யாரோவா?"

"அப்படி இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பண்ண? அந்த முடிவும் நல்லாத்தானே இருக்கு? பாவம், பொழைச்சுப் போகட்டுமே."

"நாலாவது மாடியில நிக்கணும்னு நீங்க செட் பண்ணின லிஃப்ட்டை யாரோ ரொம்பப் பிரியமா வந்து மூணாவதுல நிறுத்திட்டா, போகட்டும்னு இருப்பீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் காரணம் கேட்கவில்லை.

*

மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில், அணைந்திருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கேயும் கிளம்புகிறவராகத் தெரியவில்லை. அவளுக்காகத்தான் காத்திருந்தார்.

"படிச்சுட்டியா?"

"படிச்சுட்டேன். ஏன் மாமா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எவிடென்ஸ் என்ன இருக்கு சொல்லு. ஒரே ஒரு வரி. 'கரை திரும்பவில்லை.' செத்துப்போனான்னு எங்க எழுதியிருக்கு? எந்த ஜட்ஜும் இதை மட்டும் வெச்சு மரணம்னு எழுத மாட்டார். அதனால சந்தேகத்தோட பலனை அவளுக்குக் குடுத்தேன்."

காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார் போலிருக்கிறது. இன்னொரு நாளாக இருந்தால் ரைட்டர் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"இது கோர்ட் இல்ல மாமா. என் நாவல். எத்தனை பேர் வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்கன்னு உங்களுக்கே தெரியும். முடிவை மாத்துங்க, போடறோம்னு ஒருத்தர் சொன்னாரே, அப்பக்கூட மாத்தலையே நான். வெளியாளுக்கு மாட்டேன்னு சொன்னதை வீட்டுக்குள்ளேயே நீங்க பண்ணிட்டீங்களே."

மாமனார் விரல்களை மேஜை மேல் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்வீஸ் பூரா யார் யாரோ சொன்னதை அடிச்சேன்மா. தூக்குத் தண்டனைகூட அடிச்சிருக்கேன். கை நின்னதில்ல. இந்த அத்தியாயம் வந்ததும் விரல் போகலை. வளையலை ஏத்திவிட்டுக்கிட்டு வர்றா. நகருங்கன்னு எல்லாரையும் விரட்டறா. யாருன்னு எனக்குத் தெரியாதா? அவ போனப்ப நான் கோர்ட்ல டிக்டேஷன் எடுத்துக்கிட்டு இருந்தேன். சேதி வந்து வாசல்ல நிக்குது. ஜட்ஜ் முடிக்கறவரைக்கும் நான் பென்சிலைக் கீழே வைக்கலை. இப்ப திரும்பவும் என் கையாலேயே எழுதணுமா, அவ போயிட்டான்னு?"

ரைட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது. அதே சமயம் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அத்தையை மனசுல வெச்சு எழுதறேன்னு எனக்கே தெரியாது மாமா. சத்தியமாத் தெரியாது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுடுச்சு இல்ல? அப்ப விட்டுடேன்."

"தெரிஞ்சதுனாலதான் விட முடியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எழுதினதுல அவ தானா ஆத்துல இறங்கறா. யாரும் சொல்லலை, யாரும் தள்ளலை. நீங்க எழுதினதுல யாரோ கண்டெடுக்கறாங்க, யாரோ தூக்கிட்டுப் போறாங்க, யாரோ போர்த்தி விடறாங்க. அத்தை யாரையாவது தூக்க விட்டிருக்காங்களா? ஸ்ட்ரெச்சர் எடுத்துக்கிட்டு வந்த ஆளை ஒரு முறை முறைச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள நடந்து போனவங்க மாமா அவங்க. அவங்களைப் போய் மணல்ல கிடக்க விட்டிருக்கீங்களே."

மாமனார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சரி. நான் எழுதின பக்கம்லாம் எங்க? கிழிச்சுப் போட்டுட்டீங்களா?"

"கிழிக்கறதா? ஒரிஜினல்மா அது!" உண்மையாகவே பதறிவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து நீட்டினார். அவள் எழுதிய கடைசி அத்தியாயம், பக்க எண் வரிசைப்படி, மூலை மடங்காமல் இருந்தது. இந்த மனிதரை என்ன செய்வது!

"அடிச்சுத் தாங்க."

"வேற என்ன வேணா சொல்லு. அதை மட்டும் என் கையால முடியாது."

"சரி, நானே அடிக்கறேன். நீங்க படிங்க."

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரைட்டரின் கையெழுத்து, டாக்டர்களே பார்த்துப் பொறாமைப்படக்கூடியது. எழுதின சூட்டில் அவளுக்கே படிக்க வரும். ஆறிவிட்டால் வராது. உலகத்தில் அதைத் தங்குதடையில்லாமல் படிக்கக்கூடிய ஒரே ஆள் மாமனார்தான். அது அவருக்கும் தெரியும். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைத் தேடினார்.

*

"வந்தீங்களா! கையெழுத்தாச்சா?" என்று மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்தினார் அச்சகத்தம்மா. நகக்கண்ணெல்லாம் மை. கழுத்தில் தொங்கின கண்ணாடி ரைட்டர் பவர் பார்த்துக் கொடுத்ததுதான்.

"மாத்தணும். கடைசி நாலு பக்கம்."

"விளையாடறீங்களா? சாயங்காலத்துக்கு மேல பரீட்சைக் கேள்வித்தாள் வேலை ஆரம்பம். ஆபீசர் வந்து மெஷின் ரூமைப் பூட்டி சீல் வெச்சுடுவார். அப்புறம் பரீட்சை முடியறவரைக்கும் ஒரு துண்டுத் தாள் உள்ளே போகாது, வெளியே வராது. லேஅவுட் பண்ற பொண்ணு வேற இன்னைக்கு லீவு."

"கம்ப்யூட்டர் இருக்கில்ல?"

"கம்ப்யூட்டருக்கு லீவு குடுக்கலை."

"அது போதும்."

அச்சகத்தம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, உள் அறைக்கு வழிவிட்டார். "அடிச்சு முடிச்சதும் குரல் குடுங்க. அச்சு பிளேட்டை நானே போடறேன்" என்றார்.

அந்த அறையில் ஒரு மேஜை, கூரைவரைக்கும் தாள் கட்டுகள், நடுவே ஒருவர் நிற்க மட்டும் இடம். ரைட்டர் உட்கார்ந்தாள். மாமனார் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று உறையைப் பிரித்தார். அவர் எழுதிய பக்கங்கள் திரையில் இருந்தன. அவள் அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். அழிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினாள். 'நேரமாகிவிட்டதா?' என்ற வரி கண்ணில் பட்டது. அழித்தாள்.

"சொல்லுங்க மாமா."

மாமனார் கோர்ட்டுக் குரலில் ஆரம்பித்தார். ஏற்ற இறக்கம் இல்லாத, எல்லா எழுத்தும் தனித்தனியாக விழுகிற குரல். "ஆப்பு முறிந்ததும் சங்கிலி தளர்ந்தது முற்றுப்புள்ளி. முதல் படகு கூப்பிடு தூரத்தில் இருந்தது முற்றுப்புள்ளி."

ரைட்டருக்கு இரண்டு விரல்தான் டைப் அடிக்க வரும். விசைகளைத் தேடித் தேடிக் குத்தினாள். அவளுக்காக அவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் காத்திருந்தார். அந்த வேகத்தில் அவர் கைக்கு எரிச்சலாக இருந்திருக்கும், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சங்கிலியின் முனையை அவள் நங்கூரக் கல்லில் பூட்டினாள் முற்றுப்புள்ளி. கல் தானாகப் போனால் கரையோரத்துச் சேற்றில் புதையும் முற்றுப்புள்ளி. யாராவது பிடித்து இழுத்துக்கொண்டு கூடவே இறங்கினால்தான் அது ஆழத்தில் போய் உட்காரும் முற்றுப்புள்ளி. அவள்..."

குரல் நின்றது.

ரைட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் 'போதும் மாமா, வேண்டாம்' என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷத்து உழைப்பும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். விரல்களை விசைகள் மேல் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து அறையில் மெஷின் தாளைக் கவ்விக் கவ்வித் துப்பிக்கொண்டிருந்தது.

"அவள். மேல சொல்லுங்க மாமா."

"அவள் வளையல்களை இன்னொரு முறை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள் முற்றுப்புள்ளி."

அப்போதுதான் கணவன், வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே வந்து சேர்ந்தான். முழங்கைவரை கிரீஸ். என்னமோ சொல்ல வாயைத் திறந்தவன், அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கதவோரமே நின்றுவிட்டான். அவன் அந்த நாவலில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அப்பா சொன்ன தகவலில் 'கதையில ஒருத்தி சாகறா' என்பது மட்டும்தான் இருந்தது. யார் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"கல்லை அணைத்துக்கொண்டு படியில் இறங்கினாள் முற்றுப்புள்ளி. தண்ணீர் குளிர்ந்திருந்தது முற்றுப்புள்ளி. அவள் ஒரு முறைகூட மேலே பார்க்கவில்லை முற்றுப்புள்ளி. சங்கிலி இறுகியது முற்றுப்புள்ளி." மாமனாரின் வேகம் மாறவில்லை. "கரையில் அவள் வைத்துவிட்டுப் போன விளக்கு எண்ணெய் தீரும்வரை எரிந்தது முற்றுப்புள்ளி."

ரைட்டர் கடைசி விசையைத் தட்டினாள்.

"முற்றும்" என்றார் மாமனார். அதை மட்டும் கோர்ட்டுக் குரலில் சொல்லவில்லை.

கணவன் வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். சட்டையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. அவர் கையைத் தட்டிவிடவில்லை.

அச்சகத்தம்மா வந்து திரையை எட்டிப் பார்த்தார். "ஒரு பக்கத்துல முடிஞ்சுடுச்சே! பின்னாடி மூணு பக்கம் வெள்ளையா நிக்கும் ரைட்டரம்மா. ஆசிரியர் குறிப்பு, போட்டோன்னு எதையாவது போட்டு நிரப்பிடலாமா?"

"வேண்டாம். வெள்ளையாவே இருக்கட்டும்."

"பாக்கறவங்க அச்சுப் பிழைம்பாங்க."

"சொல்லட்டும்" என்றாள் ரைட்டர். எழுந்து நின்றபோது கால் மரத்திருந்தது. ஆனால் மனசு அவள் எதிர்பார்த்ததைவிட உறுதியாக இருந்தது. அவள் புத்தகம் இப்போதுதான் அவளுடையதாக ஆகியிருந்தது. அச்சகத்தம்மா பிளேட் போடப் போனார். கணவன் மூன்று பேருக்கும் டீ சொல்லப் போனான்.

மாமனார் மட்டும் நகரவில்லை.

"அம்மாடி, மெஷின் ஓடறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொல்லிடறேன். மறைச்சு வெச்சா அப்புறம் தூங்க முடியாது."

"என்ன மாமா?"

"இன்னொரு இடத்துலயும் கை வெச்சேன்."

"எங்க?"

"நடுவுல. ஒரே ஒரு வரிதான்."

அவர் வெளியே போய், மடித்து அடுக்கியிருந்த ஃபாரங்களில் ஒன்றைத் தேடாமலே உருவிக்கொண்டு வந்தார். பிரித்த பக்கத்தில் விரலை வைத்தார். சங்கிலிக்காரன் வெளியூர் கிளம்புகிற காலை அது. ரைட்டர் எழுதியதில் அவன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புறப்பட்டுப் போவான்.

"அவ போன அன்னைக்குக் காலையில நானும் அப்படித்தான் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு திரும்பிக்கூடப் பார்க்கலை. இவனையாவது பேச வெச்சுப் பார்ப்போம்னு தோணிச்சு."

ரைட்டர் படித்தாள்.

'வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "நான் வருகிறவரை எங்கேயும் போய்விடாதே" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.'

நல்ல வரி. அந்த அத்தியாயத்தில் அவள் எழுதியிருந்த எதையும்விட நல்ல வரி. அதைப் படித்தவர்களுக்குக் கடைசிப் பக்கம் இன்னும் கனக்கும். தலையாட்டியவள்தானே கல்லோடு இறங்கப் போகிறாள். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று ரைட்டருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அது அவள் எழுதியது அல்ல. அட்டையில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

"நீ வேண்டாம்னா எடுத்துடு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் மாமனார்.

கையில் பிளேட்டோடு மெஷின் ரூம் வாசலில் நின்றிருந்த அச்சகத்தம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. "ரைட்டரம்மா, சீல் வைக்க வர்ற ஆபீசர் தெருமுனையில வந்துட்டார். டீ குடுத்து உட்கார வெச்சாலும் ரெண்டுல ஒண்ணைத்தான் என்னால ஓட்ட முடியும். கடைசி ஃபாரமா, அந்த நடு ஃபாரத்தைத் திருத்தி மறுபடியுமா? கடைசின்னா, அந்த வரி அப்படியே பைண்டிங்குக்குப் போயிடும். சீக்கிரம் சொல்லுங்க."

கடைசி ஃபாரம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை புத்தகம் இல்லை. கடைசி ஃபாரம் ஓடினால் அந்த வரி என்றைக்கும் அவள் பெயரில் இருக்கும்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டார். சர்வீஸ் பூரா அடுத்தவர் தீர்ப்பை எழுதிக்கொண்டவர், இன்றைக்குத் தனக்கான தீர்ப்புக்காக நின்றார். ரைட்டர் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். எந்த ஃபாரத்தில் பேனாவை வைத்தாள் என்பது அடுத்த வாரம்.